சின்ன மார்பு, எட்டாத மடி: எந்தப் பிடியில் பால் கொடுப்பது சுகம்?

கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, மடியிலிருந்து முலைக்காம்பு வரைக்கும் சாண் போட்டு அளந்து பாருங்கள். எனக்கு ஒரு சாணும் மூன்று விரலும் வந்தது. மடியில் ஒருக்களித்துக் கிடத்திய பச்சைப்பிள்ளையின் வாய் நாலைந்து விரல் உயரத்தில்தான் இருக்கும். மிச்சத் தூரத்தை யாராவது ஒருவர் கடக்க வேண்டும். முதல் பிள்ளைக்கு நான்தான் கடந்தேன்: முதுகை வளைத்து, தோளை இறக்கி, கழுத்தைத் தொங்கப்போட்டு. மூன்றாம் நாள் காம்பு வெடித்தது. ஐந்தாம் நாள் தோள்மூட்டு பிடித்துக்கொண்டது. பார்க்க வந்த பெரியம்மா, "இவ்வளவு சின்னதா இருந்தா புள்ளைக்கு எங்கால பால் வரும்? பால்மாவக் கரைச்சுக் குடு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

பெரியம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அது கிடந்து அரித்துக்கொண்டே இருக்கும். மார்பு பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கொழுப்பால். பாலைச் சுரப்பது சுரப்பிகள். அவை சின்ன மார்பிலும் தேவையான அளவு இருக்கும். ஆளுக்காள் மாறுவது, ஒரு நேரத்தில் எவ்வளவு பாலைத் தேக்கி வைக்க முடியும் என்பதுதான். அதையும் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. தேக்கம் குறைவு என்றால் பிள்ளை அடிக்கடி குடிக்கும், அவ்வளவுதான். கந்தளாய்க் குளம் மாதிரி நிறைத்து வைத்துத் திறந்துவிடுகிற சங்கதி இல்லை இது; வீட்டுக் கிணறு மாதிரி, இறைக்க இறைக்க ஊறும், நிறைந்து நின்றால் ஊற்று மந்தமாகும். மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையான 71 பிள்ளைகளைப் பாலுக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. நாளுக்குச் சராசரியாக 788 கிராம் குடித்திருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளை அதை 6 தடவையில் குடித்திருக்கிறது, இன்னொன்று 18 தடவையில். எங்கள் வீட்டில் 12, 13 போகும். "இப்பத்தானே குடிச்சது, திரும்பவும் அழுதே" என்று பக்கத்தில் யாராவது சொன்னால், அந்த 18ஐ நினைத்துக்கொள்வேன்.

ஒரு விதிவிலக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. கர்ப்பகாலத்திலும் பிள்ளை பிறந்த பிறகும் மார்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி மிக அதிகம், உருண்டு வராமல் குழாய் போல ஒடுங்கி இருக்கிறது என்றால், சுரப்பித் திசுவே குறைவாக இருக்கக்கூடும். அதைப் பிள்ளை பிறக்கும் முன்பே கிளினிக்கில் சொல்லி வையுங்கள். மற்றவர்களுக்குக் கணக்கு பிள்ளையிடம்தான் இருக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்குக் குறைந்தது 6 தடவை சிறுநீர், மஞ்சள் நிறத்தில் இளகலாக மலம், இரண்டு கிழமைக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடிப்பது, அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் கிழமைக்கு 150 முதல் 200 கிராம் வரை ஏறுவது. இது சரியாக நடந்தால் பால் போதும். நடக்கவில்லை என்றால் மார்பின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் பிள்ளையைக் காட்டுங்கள்.

சரி, இப்போது அந்த ஒரு சாண் சங்கதி. பெரிய மார்பு தானே கீழே இறங்கி மடிக்கு வரும். அவர்களுடைய தொல்லை பாரமும், பிள்ளையின் மூக்கு அமுங்குவதும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம்முடைய தொல்லை உயரம். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களில் இந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்த அன்று என்னைப் பார்த்ததும் ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளையிட்ட நீங்க போகாதீங்க, பிள்ளையை உங்களிட்டக் கொண்டு வாங்க." அதை வைத்துத்தான் ஒவ்வொரு பிடியையும் எடைபோடுகிறேன்.

எல்லோரும் முதலில் எடுப்பது மடியில் குறுக்கே கிடத்தும் பிடி. வலது மார்பு என்றால் பிள்ளையின் தலை வலது முழங்கையின் மடிப்பில். பார்க்க அழகு, வீட்டுக்கு வருகிறவர்களும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சின்ன மார்புக்காரிக்கு முதல் இரண்டு மூன்று கிழமை இது மிக மோசமான தெரிவு என்பேன். முழங்கை மடிப்பு உடம்பின் பக்கவாட்டில் இருக்கிறது. நம் காம்போ நேர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே பிள்ளை தலையைத் திருப்பி, எட்டிப் பிடித்து, காம்பின் நுனியை மட்டும் வாயில் வைத்துக்கொள்ளும். வெடிப்பு வருவது இந்த நுனிப் பிடியால்தான். பிள்ளைக்கு மூன்று மாதமாகி, கழுத்து நின்று, தானே வாயைக் கொண்டுவந்து பொருத்தத் தெரிந்த பிறகு இதே பிடி சும்மா வரும். அப்போது வைத்துக்கொள்ளலாம்.

எதிர்க்கைப் பிடி என்று நான் சொல்வது, வலது மார்புக்கு இடது கையால் பிள்ளையைத் தாங்குவது. பிள்ளையின் முதுகு உங்கள் முன்கையில். உள்ளங்கை தோள்பட்டைகளுக்கு நடுவில். பெருவிரலும் மற்ற விரல்களும் காதுகளுக்குக் கீழே கழுத்தைத் தாங்கும். தலையின் பின்பக்கத்தை அமத்தக் கூடாது, அமத்தினால் பிள்ளை எதிர்த்துத் தலையைப் பின்னால் எறியும். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். வாயை நன்றாகத் திறக்கும் வரை காத்திருந்து, நாடி முதலில் மார்பில் பட, ஒரே மூச்சில் கிட்டே கொண்டுவர வேண்டும். சரியாகப் பிடித்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்ப்பக்கம் அனேகமாகத் தெரியாது.

வலது கை எதற்கு? மார்பைக் கொஞ்சம் அமத்திக் கொடுக்க. மீன் வைத்த மாலு பணிஸ் வாய்க்கு அடங்காவிட்டால் இரண்டு விரலால் அமத்திக் கடிக்கிறோமே, அதே வேலை. உதடு போகிற திசைக்கு ஒத்ததாக அமத்த வேண்டும். நான் பல நாள் செய்த பிழை இங்கேதான் இருந்தது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கத்தரிக்கோல் போலக் காம்பைப் பிடித்துக் கொடுத்தேன். பெரிய மார்பில் அப்படிப் பிடித்தாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். சின்ன மார்பில் நம் விரலே பிள்ளையின் வாய்க்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விரல்களை நெஞ்செலும்புப் பக்கமாக நன்றாகப் பின்னே தள்ளி வையுங்கள். பிள்ளை பிடித்து, விழுங்கும் சத்தம் கேட்டதும் அந்தக் கையை எடுத்துவிடலாம். கடைசி வரை தாங்கிக்கொண்டே இருக்கத் தேவையில்லை என்பது நமக்கு மட்டும் கிடைத்த சலுகை. ஒரு கை சும்மா இருக்கும். தண்ணீர் குடிக்கலாம், போனைப் பார்க்கலாம், நுளம்பு அடிக்கலாம்.

முதல் மாதத்துக்கு என் தெரிவு இதுதான். ஆனால் இதற்குத் தலகணி கட்டாயம். அந்த ஒரு சாணைக் கையால் மட்டும் நிரப்பினால் பத்தாவது நிமிடம் கை தாழும், கையோடு பிள்ளையும் தாழும், காம்பு இழுபடும்.

தலகணியிலும் மூன்று வழி இருந்தது எனக்கு. பால் கொடுப்பதற்கென்றே விற்கிற லாட வடிவத் தலகணியைத் தங்கச்சி ஒன்லைனில் எடுத்துத் தந்தாள். ஒல்லியான உடம்பில் அது வயிற்றோடு ஒட்டி நிற்காமல் ஓர் இடுக்கு விட்டது, பிள்ளை அந்த இடுக்குக்குள் வழுகியது. அதன் துணியும் வியர்வையை உறிஞ்சவில்லை. கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில் திருகோணமலையில் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இரண்டாவது, கடையில் வாங்கும் மெத்தென்ற நார்த் தலகணி. வைக்கும்போது உயரம் சரியாக இருக்கும், பாதிப் பாலில் அமுங்கிவிடும். மூன்றாவது, அம்மம்மா வீட்டு இலவம்பஞ்சுத் தலகணி. கட்டி, பாரம், அமுங்காது. மேலே பழைய பருத்திச் சாரம் ஒன்றை நாலாக மடித்துப் போட்டால் உயரமும் கணக்காக வரும், வியர்வையையும் உறிஞ்சும். காசு கொடுத்து வாங்கியது இப்போது பெரியவனின் விளையாட்டுச் சாமான். சிசேரியன் ஆனவர்களுக்கு மட்டும் இலவம்பஞ்சு சரிவராது. காயத்துக்கு மேலே அந்தப் பாரம் கூடாது.

அவர்களுக்குக் கமக்கட்டுப் பிடி சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளையின் உடம்பு தாயின் பக்கவாட்டில், கால் பின்னால் முதுகுப்பக்கம் போக, தலை முன்னால் மார்புக்கு வரும். வயிற்றில் படாது, இரட்டைப் பிள்ளைகளுக்கும் வசதி. ஆனால் எங்கள் அளவுக்காரருக்கு இதில் தனியான லாபம் ஒன்றும் இல்லை. பக்கத்திலும் அதே உயரத்துக்குத் தலகணி அடுக்க வேண்டும். கைவைத்த கதிரையில் இடமும் காணாது. காரணம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

அம்மம்மா எங்கள் வீட்டுக்கு வந்து நான் கதிரையில் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "நிலத்தில இரு பிள்ளை" என்றார். பாயைப் போட்டு, முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஒரு காலை மடக்கி மற்றக் காலைக் குத்தவைத்து, குத்தவைத்த தொடையில் பிள்ளையைத் தாங்கிய கை சாய்கிற மாதிரி. தலகணி இல்லாமலே அந்தச் சாண் மறைந்துபோனது! முழங்காலை உயர்த்தினால் பிள்ளை உயரும், தாழ்த்தினால் தாழும். எந்தத் தலகணியிலும் இந்த வசதி கிடையாது. கதிரையிலேயே இருக்க வேண்டியவர்கள் காலுக்குக் கீழே ஒரு பலகைக்கட்டை போட்டால் பாதிப் பலன் கிடைக்கும். தையல் போட்டவர்களுக்கு முதல் இரண்டு கிழமை நிலத்தில் இருந்து எழும்புவது கஷ்டம்; அது மட்டும்தான் குறை.

சாய்ந்து கொடுக்கும் முறையில் இடைவெளிப் பிரச்சினையே எழாது. பிள்ளை மடியில் இல்லை, உங்கள் மேலேயே குப்புறக் கிடக்கிறது. அதன் பாரமே அதை மார்போடு அணைத்து வைத்திருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரை இதற்கென்றே செய்தது போலிருக்கும். சாயும்போது சின்ன மார்பு இன்னும் தட்டையாகும் என்பது ஒரு சங்கடம். பிள்ளை பிடிக்கும் வரை இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தால் போதும். மற்றது வெக்கை. பகல் ஒரு மணிக்கு வயிற்றோடு வயிறு ஒட்டிக்கொண்டு கிடந்தால் இரண்டு பேரும் அவிந்துபோவோம். மாரி காலத்தில் சொர்க்கம். ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: நித்திரை கண்ணைச் சொக்கும்போது சாய்மனைக் கதிரையிலோ சோபாவிலோ பிள்ளையோடு இருக்காதீர்கள். நெஞ்சில் கிடக்கும் பிள்ளை இடுக்கில் சரிந்து மூச்சடைக்கும் ஆபத்து அங்கேதான் மிக அதிகம். கட்டிலுக்கோ பாய்க்கோ போய்விடுங்கள்.

அங்கே போனால் சரிந்து படுத்துக் கொடுப்பது. இரவுக்கு இதற்கு நிகராக எதுவும் இல்லை. "படுத்துக்கொண்டு குடுத்தா காதுக்குள்ள பால் போகும்" என்று மாமி சொன்னார். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குக் காதுத் தொற்று குறைவு. மல்லாக்கக் கிடத்திப் போத்தலைச் செருகுவதில்தான் அந்தப் பயத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. இங்கே பிள்ளை ஒருக்களித்துத் தாயைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. சின்ன மார்பின் காம்பு மெத்தையைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கும். அதற்காகப் பிள்ளைக்குக் கீழே துணி அடுக்க வேண்டாம். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலகணியை அணைகொடுத்து, பின்னாலோ முன்னாலோ கொஞ்சம் சரிந்து உயரத்தைச் சரிபண்ணுங்கள். பெரிய மார்புக்காரர் திரும்பாமலே மேல் மார்பையும் கொடுத்துவிடுவார்கள். நாம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மறுபக்கம் புரள வேண்டும். நடுச்சாமத்தில் அது எரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். இறுக்கமான மெத்தை அல்லது பாய், பிள்ளைக்குக் கிட்டத் தலகணியோ போர்வையோ இல்லாமல். படுக்கையில் யாராவது புகைக்கிறவர், குடித்தவர், நித்திரைக் குளிசை போட்டவர் இருந்தாலோ, குறைமாதப் பிள்ளை என்றாலோ பக்கத்தில் வைத்து நித்திரை கொள்வதே வேண்டாம்.

இரவுப் பாலை மிச்சம் பிடிக்க ஒரு போத்தல் பால்மா கொடுக்கலாமா என்று நானும் யோசித்தேன். தேக்கம் குறைவான மார்புக்கு அது இரண்டு பக்கமும் நட்டம். இரவில்தான் பால் சுரப்பிக்கும் ஹோர்மோன் கூடுதலாக வரும்; ஐந்தாறு மணித்தியாலம் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், ஊற்றும் மந்தமாகும். இதே காரணத்தால்தான் ஒவ்வொரு தடவையும் இரண்டு மார்பையும் கொடுக்கிறேன்: ஒன்றைப் பிள்ளை தானே விடும் வரைக்கும், பிறகு ஏவறை எடுக்கவைத்து, மற்றது. கச்சான் காலத்தில் "தொண்டை காயும், கொதிச்சாறின தண்ணி ஒரு சொட்டு குடு" என்பார்கள். ஆறு மாதம் வரை அதுவும் தேவையில்லை, பாலில் தண்ணீர்தான் அதிகம். பால் கூடும் என்று வீட்டில் ஆக்கித் தரும் பால்சுறா வறையும் உள்ளிக் கறியும் தாராளமாகச் சாப்பிடுங்கள். நான் ருசிக்காகவே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளை உறிஞ்சுவது. சுறா தாய்க்குச் சத்து.

உடுப்பில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். முன்பக்கம் கொக்கி வைத்த பால்கொடுக்கும் பிரா இரண்டு வாங்கினேன். கப் பெரிது, காம்புக்கு மேலே சுருண்டு பிள்ளையின் மூக்கில் தட்டியது. கம்பி வைத்த பழைய பிராவோ அமத்திப் பிடித்து ஓரிடத்தில் பாலைக் கட்டவைத்தது. கடைசியில் நின்றது, கையில்லாத மெல்லிய பருத்திப் பெனியன். கழுத்தைக் கீழே இழுத்தால் போதும். பால் கசிவுக்கு உள்ளே பழைய வெள்ளைப் பருத்தித் துணியை வட்டமாக வெட்டி மூன்று மடிப்பில் தைத்து வைத்தேன், நனைந்ததும் மாற்ற வேண்டும். வெளியில் போகும்போது பெனியனுக்கு மேலே லூசான பிளவுஸ். மேலதைத் தூக்கி, உள்ளதை இறக்கினால் வயிறும் தெரியாது, மார்பும் தெரியாது. கிண்ணியா பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே பிள்ளை பால் குடிப்பது தெரியவில்லை. என்னோடு வேலைசெய்யும் ஒருவர் அபாயாவில் முன்பக்கம் இரண்டு மறைவுச் சிப் வைத்துத் தைத்திருக்கிறார். அந்த யோசனை சட்டைக்கும் பொருந்தும்.

84 வேலைநாள் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது கடைசிக் கேள்வி வந்தது: கையால் எடுப்பதா, பம்ப்பா? பம்ப்போடு வந்த புனல் 24 மில்லிமீட்டர். மார்பு சின்னது என்பதால் புனலும் சின்னதாக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியது காம்பின் குறுக்களவு. எனக்குக் காம்பும் சின்னது. 24இல் கறுப்பு வட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டு நோவெடுத்தது, பால் வரவில்லை. சின்னப் புனல் கிடைக்கும் வரை இரண்டு கிழமை கையால் எடுத்தேன்: பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டத்தின் ஓரத்தில், முதலில் நெஞ்சுப்பக்கம் அமத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விடுவது. பழகினால் 15 நிமிடம். 25 பாகை வெப்பத்தில் 4 மணித்தியாலம் வெளியே வைக்கலாம் என்பார்கள். எங்கள் ஊர்ப் பகல் வெப்பம் 30ஐத் தாண்டும், ஆகவே எடுத்ததும் நேரே பிரிட்ஜுக்குள், நாலு நாளுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். புனல் சரியானதும் பம்ப் வேகம்தான். ஆனால் கரண்ட் போன அன்று, வேலைத்தளத்துச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கிளாசையும் கையையும் வைத்து 60 மில்லிலீற்றர் எடுத்தேன்.